பனியன் கசிந்த வழி

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரைச் சொல்லி அவனை யாரும் கூப்பிட்டு மூன்று வாரமாகிவிட்டது. போன வியாழக்கிழமை பேராசிரியரே வாய் தவறி, "பனியன், நீ சொல்லுப்பா" என்று சொல்லிவிட்டு, அதை மறைக்க நெடுநேரம் இருமினார். அன்றோடு அவன் வகுப்புக்குப் போவதை நிறுத்திக்கொண்டான்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை பேராசிரியருக்குச் சளி. வீட்டில் இருந்தபடியே இணையத்தில் வகுப்பெடுத்தார். நாற்பத்தெட்டு மாணவர்கள், நாற்பத்தெட்டுக் கட்டங்கள். அவற்றில் நாற்பத்தைந்து கறுப்பு. பாடத்தை முடித்துவிட்டு, "எனி டவுட்ஸ்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு எல்லா வகுப்பிலும் விழுகிற அதே மயான அமைதி அங்கேயும் விழுந்தது. மைக்கை அணைக்க மறந்த ஒரு கட்டத்திலிருந்து, அந்த அமைதிக்குள் ஒரு தாயின் குரல் புகுந்தது.

"டேய், அந்த பனியனைக் கழட்டுடா! நாலு நாளா அதே பனியன். இன்னும் ரெண்டு நாள் விட்டா அதுவே எந்திரிச்சு, பையை மாட்டிக்கிட்டு, உனக்குப் பதிலா காலேஜுக்குப் போயிட்டு வந்துடும்!"

"நல்ல டவுட்," என்றார் பேராசிரியர்.

மாலைக்குள் அந்தப் பதினொரு வினாடி வகுப்புக் குரூப்பைத் தாண்டி, விடுதியின் மூன்று மாடிகளிலும் ஏறி இறங்கி, கணக்கியல் துறை வரைக்கும் போய்விட்டது. புதன்கிழமை யாரோ அதற்கு மேளம் சேர்த்தார்கள். வியாழன் ஸ்டிக்கர் வந்தது. வெள்ளிக்கிழமை பனியனுக்கே சொந்தமாக ஒரு கணக்கு முளைத்தது. 'பனியன் பேசுகிறேன்' என்று பெயர். "ஏழாம் நாள். இன்று என் அருகில் வந்த கொசு ஒன்று மயங்கி விழுந்தது. அதன் குடும்பத்தாருக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று அது எழுதியது. பனியனை எழுநூறு பேர் பின்தொடர்ந்தார்கள். அவனை அறுபத்திரண்டு பேர் பின்தொடர்ந்தார்கள். அதிலும் இரண்டு பேர் சித்திமார்.

அடுத்த வாரம் வகுப்புத் தலைவர் தேர்தல் நடந்தது. ரகசிய வாக்கெடுப்பு. சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் பனியனுக்குப் பத்தொன்பது வாக்குகள். "வருகைப் பதிவு போதாத காரணத்தால் பனியன் தகுதியற்றது" என்று துறைத் தலைவர் முகத்தை மாற்றாமல் தீர்ப்புச் சொல்லி, பதினான்கு வாக்கு வாங்கி இரண்டாவதாக வந்தவனைத் தலைவன் ஆக்கினார். அவன்தான் கேமரா. கைப்பேசியை எப்போதும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருப்பதால் வந்த பெயர். பனியன் கணக்கை நடத்தியவனும் அவனே. தான் பெற்ற பிள்ளையிடமே தேர்தலில் தோற்ற துக்கம் அவனுக்குக் கொஞ்ச நாள் இருந்தது.

கூடச் சேர்ந்து சிரித்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னதால், பனியன் சிரித்துப் பார்த்தான். (நாமும் அப்படியே கூப்பிடுவோம், வேறு வழியில்லை.) சிரித்த முகத்தையும் ஸ்டிக்கராக்கினார்கள். படிக்கட்டில் எதிரே வந்த முதலாமாண்டுப் பையன், முன்பின் தெரியாதவன், மூக்கைப் பொத்திக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். அன்றிலிருந்து பனியன் நாளைக்கு மூன்று முறை குளித்தான். இரண்டு நாளில் ஒரு சோப்பு கரைந்தது. பஸ்ஸில் யாராவது ஜன்னலைத் திறந்தால் தன் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தான். அவனுடைய அம்மா மட்டும், பிள்ளைக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று சந்தோஷப்பட்டாள்.

அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். தினமும் அறுநூறு படுக்கை விரிப்புகளை எது எந்தக் கறை, எதற்கு எவ்வளவு சூடு என்று பார்த்த மாத்திரத்தில் பிரிப்பவள். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்து நாலு நாள் பனியனைப் பார்த்தால் என்ன பேசுவாளோ அதைத்தான் அன்றைக்குப் பேசினாள். உலகமே கேட்டது என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதற்காகவே அவன் தினமும் எட்டு மணிக்குப் பையோடு வீட்டை விட்டுக் கிளம்பினான். போய் உட்கார்ந்த இடம் ஒரு கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம். அங்கே குளிர்சாதனம் உண்டு, யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் தெளிவாகத் தெரியாது. மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் வந்து, "எத்தனை நேரமா உக்காந்திருக்கீங்க, பாவம்" என்று சொல்லி, அவன் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அவனுக்குத் தன் செருப்புகூடச் சரியாகத் தெரியவில்லை.

அந்த மங்கலிலும் ஒரு தேதி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வு விளக்கம். இறுதியாண்டு மாணவர்கள் அரங்கில், முன்னூறு பேருக்கு முன்னால், வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்குத் தங்கள் ஆய்வை விளக்க வேண்டும். வராவிட்டால் ஒரு வருடம் போச்சு. மேடையேறினால் முன்னூறு கைப்பேசிகள் ஒரே குரலில் பேசும். ஒரு வருடத்தை விட்டுவிடலாமா என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

"அப்படியெல்லாம் விட்டுக் குடுக்காதே மச்சான்," என்றான் தூண்.

தூண், அவனுடைய பெஞ்சுக்காரன். வகுப்பறையின் நடுவில் நிற்கும் தூணுக்குப் பின்னாலேயே நாலு வருடமும் உட்கார்ந்து, எந்தப் பேராசிரியர் கண்ணிலும் படாமல் படித்தவன். ஆனால் பாடத்தில் கெட்டி. இணைய வகுப்பு ஒவ்வொன்றையும் திரையோடு பதிவு செய்து வைத்திருப்பான். யாருக்கு எந்தக் குறிப்பு வேண்டுமென்றாலும் அவனிடம்தான் போவார்கள். பனியன் வகுப்புக்குப் போகாத நாட்களில் தினமும் சாயங்காலம் குறிப்புகளோடு வீட்டுக்கு வந்தான். வந்தவன் அம்மா போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது தாழ்ந்த குரலில் சொல்வான்: "எவன் இதை வெளியே விட்டான்னு மட்டும் தெரியட்டும்டா. அவன் பல்லைத் தட்டி அவன் கையிலயே குடுக்கிறேன்."

அப்படி ஒரு சாயங்காலம்தான் அம்மா சாப்பாட்டு மேஜையில் ஒரு செய்தி சொன்னாள்.

"இன்னைக்கு வேலை செய்யிற இடத்துல ஒரு பொண்ணு போன்ல ஒண்ணு போட்டுக் காட்டினா. எவளோ ஒரு பொம்பளை பனியனுக்காகப் பிள்ளையைத் திட்டுறா. மேளம் எல்லாம் அடிக்குது."

பனியன் பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தான். தூண் தண்ணீர் குடித்தான்.

"என் மனசுல இருக்கிறதை அப்படியே பேசுறாடா அவ. இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு பொறுப்பான அம்மா! என்ன, குரல்தான் சகிக்கலை. தகரத்தை ரோட்டுல இழுத்த மாதிரி." அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "யார் பெத்த பிள்ளையோ, பாவம். மூஞ்சியை எங்க கொண்டு போய் வச்சுக்கும்?"

யார் பெற்ற பிள்ளையோ தலையைக் குனிந்து சாப்பிட்டது. தன் குரல் தனக்கே தெரியாது என்பது இயற்கை செய்த பெரிய உபகாரம். ஆனால் எத்தனை நாளைக்கு? சலவைப் பிரிவில் இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் காதில் அந்தக் குரல் தினமும் விழுகிறது.

அன்று அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வகுப்புக் குரூப்புக்கு ஒரு கடிதம் எழுதினான். நாலு பத்தி. "உங்களுக்கெல்லாம் அம்மா இல்லையா?" என்று தொடங்கி, கேமராவின் முன்னோர்கள் வரைக்கும் போன கடிதம். எழுதியதை நகலெடுத்து குரூப்பில் ஒட்டினான். அவன் கைப்பேசி நகலெடுத்தவற்றையெல்லாம் வரிசையாக வைத்துக்கொள்ளும் ரகம். சொட்டு மருந்தின் மிச்சமோ, கோபமோ, ஒரு வரி தள்ளி அமுக்கிவிட்டான். குரூப்பில் போய் விழுந்தது இது:

"மதிப்பிற்குரிய நுகர்வோரே, தங்கள் புகார் பெறப்பட்டது. விரைந்த தீர்வுக்குக் கீழ்க்கண்டவற்றை நிரப்பி அனுப்பவும். 1. கசிவை முதலில் எப்போது கவனித்தீர்கள்? 2. எந்தத் திசையிலிருந்து வருகிறது? 3. தொடர்ச்சியாகவா, விட்டுவிட்டா? தங்கள் பொறுமைக்கு நன்றி. குடிநீர் வழங்கல் அலுவலகம், புகார்ப் பிரிவு."

விடுமுறையில் மூன்று மாதம் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தபோது தினமும் நூறு பேருக்கு அனுப்பிய வாசகம் அது. அவனுடைய ஆய்வே அங்கே பிறந்ததுதான். தண்ணீர் வெளியே வருகிற இடம் வேறு, குழாய் உடைந்த இடம் வேறு. ஒரு தெருவின் புகார்களை நேரத்தோடும் திசையோடும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனால், ரோட்டைத் தோண்டாமலேயே உடைப்பு எங்கே என்று சொல்லிவிடலாம். நானூற்றுப் பன்னிரண்டு புகார்களை வைத்து அதை நிரூபித்திருந்தான்.

செய்தியை அழிக்கப் போனான். அதற்குள் கேமராவின் பதில் வந்துவிட்டது.

"1. செவ்வாய் மதியம் ரெண்டு மணி. 2. ஹாஸ்டல் மூணாவது மாடி குரூப்லேருந்து. 3. தொடர்ச்சியா! ஹாஹாஹா. என் புகார் எண் என்ன சார்?"

பனியன் திரையைப் பார்த்தான். இரண்டு மணி. மூன்றாவது மாடி. மேஜையில் ஆய்வுக்கு வாங்கிய கட்டம் போட்ட தாள் மிச்சம் இருந்தது.

"புகார் எண் ஒன்று," என்று பதில் அனுப்பினான்.

மனிதன் ஒரு விசித்திரப் பிறவி. "யாருடா உனக்கு அனுப்பினது?" என்று சட்டையைப் பிடித்துக் கேட்டால் சாகும்வரை சொல்ல மாட்டான். அதையே மூன்று கேள்வியாக்கி, பக்கத்தில் கோடு போட்டு நீட்டினால், பேனா இருக்கிறதா என்று அடுத்தவனிடம் கேட்பான். கிண்டலுக்காகத்தான் நிரப்பினார்கள். ஆனால் உண்மையை நிரப்பினார்கள். மேளம் சேர்த்தவன், "எனக்கு முதல் மாடியிலேருந்து வந்துச்சு சார், ஒரு மணி பத்து, அழுத்தம் அதிகம்" என்று எழுதினான். படிவமும் அந்தக் குரல் போன வழியிலேயே குரூப்பைத் தாண்டிப் போனது. கணக்கியல் துறையிலிருந்து நாலு பேர் புகார் எண் கேட்டு வரிசையில் நின்றார்கள். மூக்கைப் பொத்திய முதலாமாண்டுப் பையன் தன் நண்பர்களுக்கும் சேர்த்து ஐந்து படிவம் அனுப்பினான். எண் கிடைக்கத் தாமதமானால் கோபித்துக்கொண்டார்கள். "நேத்தே குடுத்தேன், இன்னும் எண் வரலை, இதெல்லாம் ஒரு ஆபீஸா?" என்று ஒருத்தி திட்டினாள். பனியன் மன்னிப்புக் கேட்டு நாற்பத்து நாலாம் எண்ணைக் கொடுத்தான்.

ஆறு நாளில் அறுபத்து மூன்று புகார்கள் சேர்ந்தன. தாளில் அம்புக்குறிகள் மூன்றாவது மாடியிலிருந்து முதல் மாடிக்கு இறங்கின. முதல் மாடியிலிருந்து உணவுக்கூடத்துக்கு, உணவுக்கூடத்திலிருந்து நூலகத்துக்கு. அறுபத்து மூன்றாவது படிவத்தை அனுப்பியது நூலகத்தில் பகுதி நேரம் வேலை பார்க்கும் பெண். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள்.

"1. செவ்வாய் பகல் 11.40. 2. தூண் இருக்கும் திசையிலிருந்து. 3. ஒரே ஒரு முறை. பி.கு: நான் ஒரு தோழிக்கு மட்டும்தான் அனுப்பினேன்."

வகுப்பு முடிந்தது பதினொன்றரைக்கு. பத்தே நிமிடம்.

அம்புக்குறியைப் போடாமல் அவன் கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான். எல்லா வகுப்பையும் பதிவு செய்கிறவன் யார் என்று நாலு வருடமாகத் தெரியும். கேட்கத் தோன்றவே இல்லை. அழைப்பு மணி அடித்தது. குறிப்புகளோடு தூண் வந்து நின்றான். அம்மா அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

"என்னடா மச்சான், ஒரு மாதிரி இருக்கே?"

"கண்ணு சரியாத் தெரியலை," என்றான் பனியன்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. பனியன் வருகிறானாம் என்று கேள்விப்பட்டு, ஆய்வுக்கும் அரங்கத்துக்கும் சம்பந்தமில்லாத துறைகளெல்லாம் வந்திருந்தன. முன்வரிசையில் வெளித்தேர்வாளர், குடிநீர் வாரியத்தின் பொறியாளர் அம்மையார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வரிசையில் தூண். அந்த அரங்கில் தூண் கிடையாது. பாவம், உயரம் முழுவதும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தான்.

பனியன் மேடையில் கால் வைத்ததும் எங்கிருந்தோ மேளம் அடித்தது. "டேய், அந்த பனியனைக் கழட்டுடா!" அரங்கம் குலுங்கியது.

"இது யாருடைய குரல்?" என்று அம்மையார் கேட்டார்.

"எங்க அம்மா, மேடம்," என்றான். அதுவரை யாரிடமும் சொல்லாத வாக்கியம். சொல்லிப் பார்த்தால் அப்படியொன்றும் வாய் சுடவில்லை.

"கண்டிப்பானவங்க போல. ஆரம்பிங்க."

நானூற்றுப் பன்னிரண்டு புகார்களையும் வரைபடத்தையும் உடைப்பு கிடைத்த இடத்தையும் காட்டினான். அம்மையார் இரண்டு முறை தலையாட்டினார். பின்வரிசையில் கொட்டாவி விட்டார்கள். பிறகு அவன், "இந்த முறை குழாய்க்கு மட்டும்தானா, வேற கசிவுக்கும் உதவுமான்னு ஒரு சோதனை செஞ்சேன்" என்று சொல்லி அடுத்த படத்தைப் போட்டான்.

திரையில் விடுதியின் மாடிகள், உணவுக்கூடம், கணக்கியல் துறை. அறுபத்து மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண்.

"டேய், முப்பத்தொண்ணு நான்!" என்று ஒருவன் பெருமையோடு கத்தினான்.

"என்னைக் காணோம். நாப்பத்தி நாலு எங்க?"

"கணக்கியல்கிட்ட பாரு, மூலையில."

"என்னை ஏன் மூலையில போட்டான்?"

சத்தம் மெல்ல அடங்கியது. ஒவ்வொருவரும் தன் புள்ளியிலிருந்து கிளம்பும் அம்புக்குறிகளை எண்ணத் தொடங்கியிருந்தார்கள். மேளம் சேர்த்தவனிடமிருந்து பதினேழு. கேமராவிடமிருந்து கிளம்பிய அம்புகளால் அந்தப் பக்கம் முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. எல்லா அம்புகளையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், நூலகத்தைத் தாண்டி ஒரு வெற்று வட்டத்தில் முடிந்தது. அதில் எண் இல்லை.

கேமரா எழுந்தான். "அது யாருடா?"

பனியன் அம்மையார் பக்கம் திரும்பினான்.

"சொல்லுடா. கூடப் படிக்கிறவனோட அம்மா குரலை ரெக்கார்ட் பண்ணி வெளியே விட்டிருக்கான்! எவ்வளவு கேவலமான வேலை!" கேமராவின் குரல் தழுதழுத்தது. மூன்று வாரம் பனியனாகவே வாழ்ந்தவன் அவன். அந்த ஆவேசம் நிஜம். "ஆமா, சொல்லு! யாரு அந்தத் துரோகி?" என்று முன்னூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். முன்னூறு கைப்பேசிகள் மேலே எழுந்தன, யார் பக்கம் திருப்புவது என்று தெரியாமல்.

பனியனுக்கு அந்தக் கைப்பேசிகளைத் தெரியும். போன மாதம் அவை அவன் பக்கம் திரும்பியதும் இதே வேகத்தில்தான். ஒரு பெயர் சொன்னால் போதும், அடுத்த நிமிடமே பனியன் பழங்கதை. பெயர் நாக்கு நுனியில் இருந்தது. இரண்டாம் வரிசையில் தூண் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உடைப்பைக் கண்டுபிடிச்சுட்டீங்கதானே?" என்றார் அம்மையார். "ஏன் குறிக்கலை?"

"குறிச்சா தோண்டணும், மேடம். தோண்டுறதுக்கு முன்னாடி அந்த இடத்துக்காரங்களுக்கு நோட்டீஸ் குடுக்கணும். ஏழு நாள். இன்னும் குடுக்கலை."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய இருபத்தாறு வருடப் பணிக்காலத்தில் அந்த விதியைத் தானாக முன்வந்து மதித்த ஒரு ஆளை அவர் சந்தித்ததில்லை. "கரெக்ட்," என்றார், கிட்டத்தட்டக் கண்கலங்கி. "விதி எண் பதினாலு."

"நோட்டீஸ் கிடைச்சிருச்சு, மேடம்," என்று இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

தூண் எழுந்து நின்றான். எழுந்துகொண்டே இருந்தான், அவ்வளவு உயரம்.

"நான்தான். ஒருத்திக்கு மட்டும்தான் அனுப்பினேன். அவங்க சிரிக்கணும்னு." நூலகத்துப் பெண் இருந்த பக்கம் பார்த்தான். "அவங்க சிரிக்கக்கூட இல்லை."

முன்னூறு கைப்பேசிகளும் ஒரே திசையில் திரும்பின.

அம்மையார் மதிப்பெண் தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். நூற்றுக்கு எண்பத்தேழு. குறைந்த பதின்மூன்றும் இரண்டாவது வரைபடத்தில் அளவுகோல் குறிக்காததற்காக.

சாயங்காலம் அழைப்பு மணி அடிக்கவில்லை. குறிப்பு வரவில்லை. "எங்கடா அந்த உசரப் பிள்ளை?" என்று அம்மா இரண்டு முறை கேட்டாள். ஆறு மணிக்கு குரூப்பில் முதல் ஸ்டிக்கர் வந்தது: தூண், வாய் திறந்தபடி. ஆறே காலுக்கு 'ஓட்டைத் தூண்' என்ற பெயரில் ஒரு கணக்கு தொடங்கியது. "கேவலமான வேலை" என்று கொதித்த கேமரா, எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பான்?

பனியன் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நன்றாகவே செய்திருந்தார்கள். தனக்குச் சிரிப்பு வந்ததைக் கண்டு அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. தூண் மேலிருந்த கோபம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. அது அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம்; முன்னூறு பேருக்கு அதில் வேலையில்லை.

கைப்பேசியை எடுத்து, நகல்களின் வரிசையில் இந்த முறை சரியான வரியை அமுக்கினான்.

"மதிப்பிற்குரிய நுகர்வோரே, தங்கள் புகார் பெறப்பட்டது. புகார் எண் அறுபத்து நான்கு. 1. கசிவை முதலில் எப்போது கவனித்தீர்கள்? 2. எந்தத் திசையிலிருந்து வருகிறது?"

குரூப்பில் சட்டென்று ஓர் அமைதி. படிவத்தை நிரப்பினால் என்ன ஆகும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். முள்ளம்பன்றி படம் எல்லோர் கண்ணிலும் நின்றது. ஒரு நிமிடம் கழித்து ஸ்டிக்கர் அழிக்கப்பட்டது. கேமரா, "சும்மா ஜாலிக்குத்தான் சார்" என்று எழுதி, அதையும் அழித்தான்.

ஏழு மணிக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. தூண்.

"1. செவ்வாய் 11.40. 2. என்கிட்டேருந்து. 3. தொடர்ச்சியா."

பனியன் அதை மூன்று முறை படித்தான். மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம். ஆனால் அது பொய். மன்னிக்க மாட்டேன் என்று எழுதலாம். அதற்கு விதி எண் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது," என்று எழுதினான். "ஏழு நாள் ஆகும். அதுவரைக்கும் குறிப்புகளை நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கவும்."

சமையலறையிலிருந்து அந்தக் குரல் வந்தது, தகரத்தை ரோட்டில் இழுத்தது போல. "டேய்! அந்த ஈரத் துண்டைக் கட்டில் மேலேயா போட்டிருக்கே?"

பனியன் முதலில் கைப்பேசியில் மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்தான். இரண்டாம் முறையும் பார்த்தான். பிறகுதான், "இதோ எடுத்துடறேம்மா" என்றான்.